பசலைக்கொடியை வெட்டப் பயப்படாதீர்கள்
வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் கோடையைத் தாங்கும் கீரைகளைப் பற்றி எழுதியபோது கொடிப்பசலைக்கு நாலே வரிதான் கொடுத்திருந்தேன். மற்ற கீரைகளுக்கெல்லாம் சேர்த்து வந்த கடிதங்களைவிட அந்த நாலு வரிக்கு வந்தவை அதிகம். சரி, இந்த இதழ் முழுக்கப் பசலைக்கே என்று வைத்துக்கொண்டேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, விதைக்கடையில் 'பசலை' என்று கேட்டு வாங்கி விதைத்தேன், பொடி இலையோடு தரையில் படர்ந்தது. நர்சரியில் கேட்டால் 'சிலோன் பசலை' என்று ஒரு தொட்டியைக் கொடுத்தார்கள், அது கொடியே இல்லை, ரோஸ் நிறத்தில் பூக்கிறது. சமையல் வீடியோக்களில் பசலைக்கீரை என்று சொல்லிவிட்டு பாலக்கைக் காட்டுகிறார்கள். எதுதான் பசலை? (வாசகி, சேலம்)

நீங்கள் சொன்ன மூன்றோடு கொடிப்பசலையையும் சேர்த்தால் நாலு செடிகள், நாலுக்கும் ஒரே பெயர். தரையில் படர்ந்தது சிறுபசலை, தரைப்பசலை என்றும் சொல்வார்கள், பருப்புக்கீரைக்குச் சொந்தம். 'சிலோன் பசலை' அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது, முழங்கால் உயரத்துக்கு நிற்கும், கேரளத்தில் சாம்பார்ச் சீரை என்கிறார்கள். பாலக் குளிர்காலத்துக் கீரை, நம் ஊர் சித்திரை வெயிலில் அது சோர்ந்து பூவுக்குப் போய்விடும். இந்த மூன்றும் நல்ல கீரைகள்தான், ஆனால் நாம் பேசுவது இவற்றைப் பற்றி இல்லை.

கொடிப்பசலை என்பது கம்பைக் கண்டால் சுற்றிக்கொண்டு ஏறுவது. இலை வெற்றிலை வடிவில், அதைவிடத் தடிமனாக, எண்ணெய் தடவியதுபோலப் பளபளக்கும். தண்டைக் கிள்ளினால் பட்டென்று ஒடியும், ஒடிந்த இடத்தை விரலால் தேய்த்தால் வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும். இந்த ஒரு சோதனை போதும். தாவரவியலில் இதற்குப் பெயர் பசெல்லா ஆல்பா. பச்சைத் தண்டு, சிவப்புத் தண்டு இரண்டும் ஒரே இனம்தான், சிவப்பு பார்க்க அழகு, பச்சையில் இலை கொஞ்சம் பெரிதாக வரும்.

பெயர்க் குழப்பத்தை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஆங்கிலச் சமையல் குறிப்பிலும் உடல்நலக் கட்டுரையிலும் பாலக் இனத்துக் கீரையைப் பற்றி எழுதியதை அப்படியே 'பசலைக்கீரை' என்று தமிழில் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பிக் குளிர்காலத்தில் பசலை விதைத்து மெதுவாக வருகிறதே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு, பாலக்கின் சத்துப் பட்டியலைப் பசலைக்கு ஒட்டிப் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்கூடக் கிடையாது. நம் பக்கத்து மொழிகளில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. தெலுங்கில் பச்சலி, கன்னடத்திலும் துளுவிலும் பசளெ, இலங்கைத் தமிழில் பசளி, கேட்டாலே ஒரே சொல் என்று தெரிகிறது அல்லவா? அடுத்த தடவை கடையில் 'பசலை' என்று மட்டும் கேட்காமல் 'கொடிப்பசலை' என்று கேளுங்கள்.

விதை போட்டு இருபது நாள் ஆச்சு, ஒன்றுகூட முளைக்கவில்லை. மாடியில் வைத்திருக்கிறேன். மண் கலவையில் தப்பா, விதையில் தப்பா? (வாசகர், சென்னை தாம்பரம்)

பெரும்பாலும் விதைதான். எனக்கும் இது நடந்திருக்கிறது, ஒரு கடையில் இரண்டு தடவை பாக்கெட் வாங்கினேன், இரண்டு தடவையும் முளை இல்லை. பழைய விதை என்றால் நீங்கள் எவ்வளவு நல்ல மண் போட்டாலும் வராது. புது விதைக்கே தோல் கெட்டியாக இருப்பதால் பத்து நாள், இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், மண் காயாமல் இருக்கட்டும். அடுத்த முறை விதையை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு செண்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் ஊன்றுங்கள்.

ஆனால் பசலைக்கு விதையைத் தேடி அலையவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். யார் வீட்டுக் கொடியிலிருந்தாவது பென்சில் தடிமனில் ஒரு தண்டு வாங்குங்கள், ஒரு சாண் நீளம், அதில் மூணு நாலு கணு இருக்க வேண்டும். அடியில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு நிழலில் வையுங்கள். கணுவில்தான் வேர் வரும், அதனால் கணு உள்ளே போயிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மண்ணில் நட யோசனையாக இருந்தால் டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். சந்தையில் தண்டோடு கட்டி விற்கிற பசலை கிடைத்தால் இன்னும் நல்லது, இலையைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டுவிடுங்கள், வாடாமல் வந்த தண்டாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். என் வீட்டில் இப்போது இருக்கிற கொடி அப்படி ஒரு கட்டுக் கீரையில் வந்ததுதான்.

மாடிக்கு 12 அங்குலப் பையாவது வேண்டும், 15 அங்குலம் என்றால் கொடி நிம்மதியாக இருக்கும். ஒரு பைக்கு ஒரு கொடி, ஆசைப்பட்டு மூன்று நடாதீர்கள். செம்மண், தேங்காய் நார்க் கழிவு, நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. வேப்பம்புண்ணாக்கை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதைக் கீழே நாகர்கோவில் வாசகிக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

அம்மா, கொடி மாடிக் கைப்பிடியைத் தாண்டி, கேபிள் வயரைப் பிடித்து, பன்னிரண்டு அடிக்கு மேல் போய்விட்டது. பார்க்க ஆசையாக இருக்கிறது, வெட்ட மனசு வரவில்லை. ஆனால் இப்போது இலையெல்லாம் சின்னதாக வருகிறது, நுனியில் மணி மணியாக மொட்டு. உரம் போதவில்லையா? (வாசகி, மதுரை)

உரம் இல்லை, கத்தரிக்கோல்தான் போதவில்லை. உங்களைப் போலவே எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர், அதனால் இதை விவரமாகவே சொல்கிறேன்.

பசலையை நாம் மல்லிகை, முல்லை மாதிரி நினைத்துவிடுகிறோம், ஏறட்டும், படரட்டும், பந்தலை மூடட்டும் என்று. பூங்கொடிக்கு அது சரி. கீரைக்கொடிக்கு அது சரியில்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது இளம் இலையும் இளம் தண்டும், அவை வருவது புதுக் கிளையில். நீங்கள் நுனியை வெட்டாதவரை கொடி தன் பலத்தையெல்லாம் ஒரே நுனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், இலைக்கக்கத்தில் தூங்குகிற மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும். நுனியை எடுத்த நாலைந்து நாளில் கீழே இரண்டு மூன்று கணுவில் துளிர் வெளியே வரும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனி.

அப்புறம் பூ விஷயம். இந்தக் கொடி பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற வகை. பகல் 13 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் பூக்காது. வடக்கே வெகுதூரத்தில் கோடைப் பகல் 15 மணி, 16 மணி என்று போகிற நாடுகளில் இதை வளர்ப்பவர்களுக்குக் கோடை முழுக்கப் பூத் தொல்லை கிடையாது. நமக்கு அப்படி இல்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 54 நிமிடம் அளவுக்குத்தான் வரும், கன்னியாகுமரியில் அதைவிடக் குறைவு. அதாவது தமிழ்நாட்டில் வருடத்தின் எந்த நாளிலும் பசலை பூக்கலாம், ஐப்பசி முதல் தை வரை இன்னும் வேகமாகப் பூக்கும். பை காய்ந்துபோனாலும் சீக்கிரம் பூவுக்குப் போகும். பூக்க ஆரம்பித்தால் இலை சிறுக்கும், தடிக்கும், ருசியும் குறையும். உங்கள் கொடியில் நடப்பது இதுதான். பூவைத் தடுக்க நம் கையில் இருப்பது வெட்டும் தண்ணீரும்தான்.

எப்படி வெட்டுவது? கொடி ஒரு முழம் வந்ததும் முதல் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய நுனியை வீணாக்க வேண்டாம், அதுவே அன்றைக்குச் சாம்பாருக்கு. நட்டு ஆறு ஏழு வாரத்தில் நல்ல அறுவடை தொடங்கும், அதன்பிறகு வாரம் ஒரு முறை, ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். இலையை மட்டும் பறித்துக்கொண்டு தண்டை விட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அப்படிச் செய்தால் மொட்டைத் தண்டு நீண்டுகொண்டே போகும். தண்டோடு வெட்டுங்கள். பந்தலை ஐந்து, ஐந்தரை அடிக்கு மேல் போடாதீர்கள், கைக்கு எட்டாத கீரையை யாரும் வாராவாரம் வெட்ட மாட்டார்கள், எட்டாத இடத்தில்தான் அது பூக்கும்.

உங்கள் பன்னிரண்டு அடிக் கொடிக்கு: தரையிலிருந்து இரண்டடி விட்டுவிட்டு மேலே இருப்பதை முழுக்க எடுத்துவிடுங்கள். மனசு வராது என்று தெரியும், இருந்தாலும் செய்யுங்கள். வெட்டிய அன்றே இரண்டு கைப்பிடி மண்புழு உரம் அடியில் போட்டு மூடி நன்றாகத் தண்ணீர் விடுங்கள், ஒரு வாரம் கழித்துக் கடலைப்புண்ணாக்கு ஊறிய தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். மூன்று லிட்டர் கேனை வெட்டிப் பசலை நட்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல், அந்த அளவு மண்ணில் இவ்வளவு பெரிய வெட்டைக் கொடி தாங்காது, முதலில் பெரிய பைக்கு மாற்றிவிட்டு இரண்டு வாரம் கழித்து வெட்டுங்கள். அப்புறம் அந்தக் கேபிள் வயரிலிருந்து கொடியை எடுத்துவிடுங்கள், மழைக்காலத்தில் அது ஆபத்து.

இலையில் வட்ட வட்டமாகப் புள்ளி, நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்து, அப்புறம் அந்த இடம் ஓட்டையாகிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. (வாசகர், கோயம்புத்தூர்)

பூச்சி இல்லை, பூஞ்சை. பசலைக்கு மழைக்காலத்தில் வரும் இலைப்புள்ளி நோய் இது. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மாலையில் பூவாளியால் இலைமேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு, காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். கொடி நெருக்கமாக இருந்தால் காற்று போகிற அளவுக்குக் கிளையைக் குறையுங்கள். இதற்குமேல் தேவைப்பட்டால் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்ப் பொடியான சூடோமோனாஸைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்துத் தெளிக்கலாம். வாரம் ஒரு முறை இலை பறித்துத் தின்கிற கீரைக்கு ரசாயனப் பூஞ்சைக்கொல்லி வேண்டவே வேண்டாம். ஒன்றிரண்டு புள்ளி உள்ள இலையை அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம், பயப்பட வேண்டாம்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறேன், மத்தியானம் ஆனால் கொடி தொங்கிவிடுகிறது. இலை வெளுத்துக்கொண்டே வருகிறது. இதற்கு முன் அதே மண்ணில் தக்காளி வைத்திருந்தேன். (வாசகி, நாகர்கோவில்)

கடைசி வரியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். ஒரு கொடியை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு, ராகியிலிருந்து பட்டாணி அளவுக்கு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள் குடியிருந்து தண்ணீர் மேலே ஏறவிடாமல் செய்யும், நீங்கள் குடம் குடமாக ஊற்றினாலும் இலைக்குப் போகாது. தக்காளி, கத்திரி, வெண்டை எல்லாவற்றுக்கும் இது வரும், பசலைக்கு ரொம்பவே வரும்.

முடிச்சு விழுந்த கொடியைக் காப்பாற்ற முடியாது. நுனித் தண்டுகளை வெட்டி வேறு மண்ணில் நட்டுப் பிழைக்க வைத்துக்கொள்ளுங்கள், தண்டில் புழு இருக்காது, வேரிலும் மண்ணிலும்தான். பழைய வேரை எரித்துவிடுங்கள். அந்த மண்ணைச் சித்திரை, வைகாசி வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, லேசாக ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி நாலு வாரம் வேகவிடுங்கள். பிறகு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு பருவம் துலுக்க சாமந்தி வையுங்கள், அதன் வேர் இந்தப் புழுவைக் குறைக்கும். தக்காளி இருந்த மண்ணில் பசலை, பசலை இருந்த மண்ணில் வெண்டை என்று மாற்றி மாற்றி வைத்தால் புழுவுக்கு விருந்து வைப்பது போல. பையில் புது மண்ணோடு தொடங்குகிறவர்களுக்கும் முதலிலேயே வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு 'வழவழன்னு இருக்கு' என்று தள்ளிவிடுகிறார்கள். அந்த வழவழப்பை எடுக்க வழி உண்டா? (மூன்று வாசகிகள், திருச்சி, புதுச்சேரி, தூத்துக்குடி)

குறைக்கலாம், மறைக்கலாம், அதையே ருசியாகவும் ஆக்கலாம். முழுசாக எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வெண்டைக்காய்க்கு என்ன செய்வீர்களோ அதுவேதான் பசலைக்கும். ஈரத்தோடு பொடியாக நறுக்கி, உப்பைப் போட்டு, மூடி வைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டால் கூழாகத்தான் வரும். பொரியல் வேண்டுமென்றால் கழுவி, துணியில் பரப்பித் துடைத்து, அகலமாக நறுக்கி, இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பெருந்தீயில் மூடாமல் நாலைந்து நிமிடம் வதக்குங்கள். உப்பு இறக்கும்போது. வெங்காயம் தாராளமாக, தேங்காய்த்துருவல் கடைசியில். அவ்வளவுதான்.

இரண்டாவது வழி புளிப்பு. புளியோ, தக்காளியோ, மாங்காயோ சேர்ந்தால் வழவழப்பு அடங்கிவிடும். பசலை கொழிக்கிற அதே கோடையில்தான் மாங்காயும் மலிவு, இந்தப் பொருத்தத்தை விடக்கூடாது. அரை டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூளோடு வேகவைத்துக்கொள்ளுங்கள். பாதி மாங்காயைத் தோலோடு துண்டு போட்டு, நாலு பச்சை மிளகாய், பத்துச் சின்ன வெங்காயத்தோடு கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டு, மாங்காய் முக்கால் வெந்ததும் இரண்டு கைப்பிடி பசலையைத் தண்டோடு நறுக்கிப் போடுங்கள். கீரை சுருங்கியதும் பருப்பைச் சேர்த்து ஒரு கொதி, அப்புறம் நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு தாளிப்பு. இதைக் கடைய வேண்டாம், இலை இலையாக இருக்கட்டும். வழவழப்பு இங்கே பருப்பைக் கெட்டியாக்கும் வேலையைச் செய்கிறது, தனியாக நாக்கில் தெரியாது.

ஆந்திரத்தில் கல்யாண விருந்தில் கந்தா பச்சலி என்று ஒன்று போடுவார்கள், சேனைக்கிழங்கும் பசலையும் புளித்தண்ணீரில் வெந்து, கடைசியில் அரைத்த பச்சைக் கடுகைக் கலந்து இறக்குவது. கடுகின் காரம் மூக்கில் ஏறும், அருமையாக இருக்கும். மங்களூர்ப் பக்கம் தடித்த தண்டையும் விரல் நீளத்துக்கு வெட்டித் தேங்காய் அரைத்த குழம்பில் போடுகிறார்கள், தண்டை முருங்கைக்காய் மாதிரி மென்று சாறெடுக்கலாம். வங்காளத்தில் இறாலோடும், இலிஷ் மீனின் தலையோடும் சமைக்கிறார்கள். தூத்துக்குடி வாசகிக்கு இறால் கிடைக்காமலா இருக்கும்? சின்ன இறாலைத் தனியாக வதக்கி எடுத்துவைத்துக்கொண்டு அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, பசலை என்று வதக்கிக் கடைசியில் இறாலைச் சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் நான் பஜ்ஜியில்தான் தொடங்கச் சொல்வேன். முழு இலையைக் கடலைமாவு, கொஞ்சம் அரிசிமாவு, ஓமம் கலந்த மாவில் தோய்த்துப் போட்டால் ஓரம் மொறுமொறுவென்று வரும், வழவழப்பே தெரியாது. வாழைக்காய் பஜ்ஜியைவிட இதைத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பஜ்ஜியில் பழகிய பிள்ளை பருப்புக்கு வரும், பருப்புக்கு வந்த பிள்ளை கூட்டுக்கு வரும். முதல் நாளே மசியல் செய்து ஊட்டினால் ஜென்மத்துக்கும் தொடாது.

எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 தான். தினமும் பசலைக்கீரை சாப்பிட்டால் ஏறிவிடும் என்று மாமியார் சொல்கிறார். என் கணவருக்குச் சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. அவருக்கும் அதையே கொடுக்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது, கவனமாகப் படியுங்கள்.

நூறு கிராம் பச்சைப் பசலையில் இரும்புச்சத்து ஏறக்குறைய 1.2 மில்லிகிராம் என்று அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணை சொல்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 29 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், கீரையால் மட்டும் இது ஏறாது. 9 என்பது மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்க வேண்டிய அளவு, தள்ளிப்போடாதீர்கள். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், கீரையைச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள். பசலையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதே நூறு கிராமில் வைட்டமின் சி 100 மில்லிகிராம் அளவுக்கும், ஃபோலேட் 140 மைக்ரோகிராமும், கால்சியம் 109 மில்லிகிராமும் உண்டு. வைட்டமின் சி வேகும்போது பாதிக்குமேல் போகலாம், அதனால் சமைத்து இறக்கியபிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்.

உங்கள் கணவர் விஷயத்தில், பசலையில் ஆக்சலேட் உண்டு, சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கல். அவருக்கு வந்தது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மருத்துவர் சரி என்று சொன்னால், வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு எப்போதாவது ஒரு நாள் கொஞ்சம் கொடுக்கலாம், தினமும் வேண்டாம். இதோடு இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற யாராவது வீட்டில் இருந்தால், கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எல்லாக் கீரைக்கும் இது பொருந்தும்.

துபாயில் ஒன்பதாவது மாடி பால்கனியில் வளர்க்க முடியுமா? ஊரிலிருந்து விதை கொண்டுவந்திருக்கிறேன். (வாசகர், துபாய்)

முடியும், ஆனால் ஜூன், ஜூலையில் தொடங்காதீர்கள். பசலைக்கு வெப்பம் பிடிக்கும், 45 டிகிரி அனல்காற்று பிடிக்காது. செப்டம்பர் கடைசியில் விதைத்தால் மே வரை வெட்டலாம். ஒன்பதாவது மாடிக் காற்று இலையைக் கிழிக்கும், அதனால் கயிற்றில் ஏற்றாமல் வலையில் ஏற்றுங்கள், வலை கைப்பிடிக்கு உள்பக்கம் இருக்கட்டும். மண்ணின்மேல் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ இரண்டு அங்குலம் பரப்பிவையுங்கள். கோடையில் அடிக்கொடியை மட்டும் நிழலான மூலைக்கு நகர்த்திக் காப்பாற்றிக்கொண்டால் அடுத்த செப்டம்பரில் தானே துளிர்க்கும்.

கறுப்பாகப் பழுத்த பழத்தைக் குழந்தை நசுக்கிக் கை, சட்டை எல்லாம் ஊதா. விஷமா? (வாசகி, தஞ்சாவூர்)

விஷம் இல்லை. பசலைப் பழச்சாற்றைப் பல நாடுகளில் இனிப்புக்கும் உணவுக்கும் நிறம் சேர்க்கப் பயன்படுத்துகிறார்கள். பீட்ரூட்டில் இருக்கிற நிறமிக் குடும்பம்தான் இதுவும். நாங்கள் சின்ன வயதில் இதைப் பிழிந்து மையாக வைத்து எழுதியிருக்கிறோம், இரண்டு நாளில் எழுத்து மங்கிவிடும். ஆனால் கறுப்புப் பழம் எல்லாம் பசலைப் பழம் இல்லை என்பதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், வேலியில் அதே நிறத்தில் வேறு காய்களும் இருக்கும். பழத்தைப் பிசைந்து கழுவினால் உள்ளே ஒரே ஒரு விதை, நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டுவையுங்கள். தாம்பரம் வாசகரைப் போல விதைக்கு அலைகிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

அக்கா, ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த பசளிக்கொடியை அயல் வீட்டு ஆடு ஒரு பின்னேரத்தில் தின்றுவிட்டது. வேலியில் அடித்தண்டு அரை அடிதான் மிச்சம். நானும் மகளும் அழுதேவிட்டோம். இனி வருமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

அழுததில் ஆச்சரியமே இல்லை தங்கச்சி. நற்றிணையில் 179-ஆம் பாட்டில் ஒரு சிறு பெண் வருகிறாள், வீட்டில் வளர்த்த வயலைக்கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிட்டது என்று பந்தை நிலத்தில் எறிந்து, பொம்மையைத் தள்ளிவிட்டு, வயிற்றில் அடித்துக்கொள்கிறாள். வயலை என்பது பசலைக்கொடிதான் என்று உரைகளில் பொருள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லுங்கள்.

கொடி வரும். அரை அடியில் இரண்டு கணு இருந்தாலே போதும், ஆடு நுனியைக் கடித்திருக்கும், வேரைத் தொட்டிருக்காது. கடிபட்டுப் பிய்ந்துபோன முனையைக் கூரான கத்தியால் கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்வாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் மழை பட்டு அழுகல் கீழே இறங்கும். இலை இல்லாத கொடிக்கு முன்பு ஊற்றிய அளவு தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் ஈரமாக இருந்தால் போதும். உரம் எதுவும் இப்போது வேண்டாம், துளிர் விரல் நீளம் வந்தபிறகு சாணிக் கரைசல் ஊற்றலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர் தெரியும், முதல் துளிர்களை ஆசைப்பட்டுப் பறிக்காமல் ஒவ்வொன்றும் ஏழெட்டு இலை விடும்வரை பொறுங்கள். கீழே சிந்திக்கிடக்கும் தண்டுத் துண்டு ஏதாவது வாடாமல் இருந்தால் அதையும் எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுவையுங்கள், இந்தத் தடவை அதை வேலியில் நடாமல் கிணற்றடிப் பக்கம், ஆட்டுக்கு எட்டாத இடத்தில் நடுங்கள். துளிர் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.